புல் அடைத்த மணிகள்

அன்றைக்கு அந்த வாசலில் இருந்தவர்கள் இவர்கள்.

வெள்ளச்சி. முப்பது வயது இருக்காது. கூரை ஓரத்தில் நின்று சாமை குத்திக்கொண்டிருந்தாள்.

அவள் மாமனார் கோவிந்தன். கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

பஷீர் பாய். வாணியம்பாடியிலிருந்து கடுக்காய் வாங்க வருகிறவர். நிறைகோலைக் கூரை வளையில் மாட்டிவிட்டு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

தூளியில் ஒரு குழந்தை. ஆறு மாதம்.

கட்டுத்தறியில் ஒரு வெள்ளாடு.

பிறகு நான்.

வெள்ளச்சியின் புருஷன் சடையன் அங்கே இல்லை. அந்த வருஷம் சாமை பாதிக்கு மேல் பொய்த்துப்போனதால் வாணியம்பாடிக்குத் தோல் கிடங்கு வேலைக்குப் போயிருந்தான். போய் நாலு மாதம். வாணியம்பாடியிலிருந்துதான் கார்டு வந்திருந்தது. அதை நான் கொண்டுபோனேன்.

கார்டின் ஒரு மூலை கறுப்பாக இருந்தது.

தடி

ஜவ்வாது மலையில் நான் தபால் ஓட்டக்காரனாக இருந்த காலம் அது. எனக்குப் படிப்பு மூன்றாவது வரைதான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஓடுகிற வேலைக்கு அது போதும்.

ஒரு நாள் ஏற்றம், ஒரு நாள் இறக்கம். கீழ் ஆபீஸ் பையை மேல் ஆபீசில் கொடுப்பேன். மறுநாள் மேல் ஆபீஸ் பையைக் கீழே கொண்டுவருவேன். வழியில் இருக்கிற குடிசைகளுக்கு ஒன்றிரண்டு கார்டு இருந்தால் தனியாகக் கொடுத்துவிடுவார்கள். அதை நான் வாசலில் நின்று கொடுக்க வேண்டும்.

போன வாரம் இந்தப் பத்தியில் பையைப் பற்றியும் அரக்கு முத்திரையைப் பற்றியும் எழுதினேன். தடியைப் பற்றி எழுதவில்லையே என்று படவேட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

நெஞ்சு உயரம். மூங்கில். நுனியில் இரும்பு ஈட்டி. ஈட்டிக்குக் கீழே கழுத்து மாதிரி ஒரு இரும்பு வளையம். வளையத்தில் ஏழு வெண்கல மணிகள். மலையில் சலங்கைத் தடி என்பார்கள். ஆபீஸ் காகிதத்தில் ஈட்டி.

ஈட்டி கரடிக்கு. மணியும் கரடிக்குத்தான். ஓசை கேட்டால் அது ஒதுங்கிவிடும். கரடிக்குப் பயந்து, மலை ஏறுகிறவர்கள் காலையில் அடிவாரத்தில் எனக்காகக் காத்திருப்பார்கள். சேர்ந்து ஏறுவோம். பேச மாட்டோம். மணி பேசிக்கொண்டு வரும்.

பனி இறங்கும் மாதங்களில் ஆள் தெரியாது. மணிதான் தெரியும். வெள்ளைக்குள்ளிருந்து ஓசை முதலில் வரும், அப்புறம் ஈட்டி நுனி, அப்புறம் என் தலை. ஒரு பிள்ளைத்தாய்ச்சி என்னிடம் சொன்னாள், "ஒன்னப் பாத்தா கனாவுல வர்ற மாதிரி கீது டப்பாலு." மலையில் எனக்கு அதுதான் பெயர். டப்பாலு.

மலையில் யாரிடமும் கடிகாரம் இல்லை. ஏறும் நாளில் மணி கேட்கும் நேரத்துக்கு மாட்டை அவிழ்ப்பார்கள். இறங்கும் நாளில் மணி கேட்கும் நேரத்துக்கு அடுப்பு மூட்டுவார்கள்.

ஓடுகிறவனுக்கு அந்த ஓசை கேட்காது. காதுக்குள் மூச்சுத்தான் இரையும். நின்றால் கேட்கலாம். நின்றால் மணி அடிக்காது.

மூலை

நல்ல காரியக் கார்டு என்றால் நாலு மூலையிலும் மஞ்சள். சாவு என்றால் ஒரு மூலையில் கறுப்பு மை. இது எல்லா ஊரிலும் இருந்ததுதான்.

மலையில் இன்னும் ஒரு வழக்கம் இருந்தது. கறுப்பு மூலைக் கார்டு கூரை நிழலைத் தாண்டக் கூடாது. கொண்டுவந்தவன் வெளியில் நின்றபடி படித்துச் சொல்ல வேண்டும். காதில் விழுந்த அந்த நேரத்திலிருந்துதான் தீட்டுக் கணக்கு. அதன் பிறகு கார்டைக் கிழித்துவிட வேண்டும்.

வெள்ளச்சியின் ஊரில் பதினாலு வீடு. படித்தவர் இல்லை. யாருக்குக் கார்டு வந்தாலும் படிப்பவன் நான். கல்யாணம், பேறு, சாவு எல்லாம் என் வாய் வழியாகத்தான் அங்கே போயின.

அன்று காலையில் பருவம் தப்பிய மழை. ஓடையில் மார்பளவு தண்ணீர். ஓடை தாண்டும்போது வழித் தபாலை எண்ணெய்த் துணியில் சுற்றி ஈட்டிக் கழுத்தில் கட்டிக்கொள்வேன். தடியை உயரத் தூக்கிக்கொண்டு இறங்குவேன். அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். துணியில் ஒரு கிழிசல் இருந்ததைக் கவனிக்கவில்லை.

வாசலுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் வாசலில் ஒரு சின்னக் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது.

நான் துணியைப் பிரித்தேன். வாணியம்பாடியிலிருந்து என்று சொல்லிக்கொண்டே கார்டை எடுத்தேன். மூலையை அப்போதுதான் பார்த்தேன்; காலையில் முகவரியை மட்டும் பார்த்துச் சுற்றியிருந்தேன். அவளும் பார்த்துவிட்டாள். உலக்கை நின்றது.

"படிக்காதீங்க டப்பாலு" என்றாள்.

"படிக்கணும்மா."

"நீங்க படிச்சாத்தான் அவரு செத்தாரு. குடுங்க இப்டி."

பிடுங்கிக்கொண்டாள். இரண்டாகக் கிழித்தாள். நாலாகக் கிழித்தாள். அப்புறம் எத்தனையாகக் கிழித்தாள் என்று தெரியவில்லை. கால்வாயில் போட்டாள். தண்ணீர் கொண்டுபோயிற்று.

கிழவர் கையிலிருந்து கயிறு விழுந்தது.

"இன்னா காரியம் பண்ண நீ? யாரு, எப்போன்னு ஒண்ணும் தெரியாம..."

"வாணியம்பாடில நமக்கு வேற யாரு மாமா கீறாங்க?"

பாய் நிறைகோலைக் கழற்றித் தரையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

கறை

பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இரண்டு கழுதையோடு வருவார். கடுக்காயை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் விலை சொல்வார். பெண்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். "பாய், கழுதைக்கு ஒரு கல்யாணம் பண்ணி வெக்கறதுதானே?" "பொண்ணு வூட்ல கடுக்காய் மூட்டையா சீரு கேக்கறேன்மா, ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்பார். வாணியம்பாடிக் கிடங்குகளில் தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். மலையில் அவருக்குத் தெரியாத வாசல் இல்லை.

அன்றைக்கு அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கைய காட்டு."

காட்டினேன். விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"துணிய காட்டு."

துணியும் கறுத்திருந்தது. ஈட்டிக் கழுத்தில் பட்டிருந்த இடத்தில் நல்ல கறுப்பு.

"இதுல இன்னா வெச்சிருந்த?"

"கடுக்காய். இருமலுக்கு. மூணு தட்டி வெச்சிருந்தேன்."

பாய் மூட்டையிலிருந்து ஒரு கடுக்காயை எடுத்தார். கல்லில் நசுக்கினார். கால்வாய்த் தண்ணீரில் நனைத்து என் ஈட்டி இரும்பில் அழுத்தித் தேய்த்தார். பிறகு தன் வெள்ளை வேட்டியின் முனையைப் பிடித்து அந்த இரும்பைத் துடைத்தார்.

வேட்டியில் கறுப்பு ஏறியது.

"எங்க கெடங்குல தொட்டிகிட்ட இரும்பு வாளி வெக்க வுட மாட்டாங்க. இரும்புல பட்ட கடுக்காத் தண்ணி ஒரு சொட்டு பட்டா தோலு இப்டித்தான் கறுத்துப்பூடும். இது மை இல்லம்மா. கறை."

வெள்ளச்சி வேட்டி முனையையே பார்த்தாள்.

"தப்பு என்னுது" என்றேன் நான்.



நாலு பேரும் கால்வாய் ஓரமாகக் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினோம். சாமைக் கொல்லை வரை போனோம். கிடைத்ததை முறத்தில் பரப்பினோம். பாதிதான் இருந்தது. எழுதியது மைப் பென்சில். நனைந்து ஊதாவாகக் கரைந்திருந்தது. ஒரு துண்டில் மட்டும் நாலு எழுத்து நின்றது. எழுத்துக் கூட்டினேன். சடையன்.

"பாத்தீங்களா, பேரு கீது" என்றார் பாய்.

"செத்தவன் பேரயும் எழுதத்தான் எழுதுவாங்க" என்றார் கிழவர். "பாய், நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க. நல்ல மனசு. ஆனா கார்டுல இன்னா கீதுன்னு ஒங்களுக்கும் தெரியாது."

அது உண்மை. கறுப்பு பொய் என்றால் கார்டு நல்ல கார்டு என்று ஆகிவிடாது.

கிழவர் விரலை மடக்கி எண்ணினார். அமாவாசைக்கு எட்டு நாள் இருந்தது. "அதுக்குள்ள சேதி வரணும். இல்லன்னா பங்காளிங்கள கூப்ட்டு செய்யறத செஞ்சிடணும். தாலிய வெச்சிகினு இவ எத்தினி நாளு தீட்டோட இருப்பா?"

வெள்ளச்சியின் கை கழுத்துக்குப் போய்த் திரும்பியது.

"எந்தக் கெடங்கும்மா?" என்று கேட்டார் பாய்.

"தோலு கெடங்கு."

"அங்க எல்லாமே தோலு கெடங்குதான்." பாய் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தார். கடுக்காயில் பாதியை நிறுக்கவே இல்லை. "சரி. நாளைக்கே எறங்கறேன். ஒவ்வொண்ணா ஏறி எறங்கிப் பாக்கறேன். பாத்ததும் ஒரு கார்டு..."

"கார்டு வேணாம் பாய். ஆள அனுப்புங்க."

அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"டப்பாலு, நீங்களும் இனிமே மணி அடிக்காம போங்க. கேட்டாலே ஈரக்கொல நடுங்குது. ஆளு வந்தா அடிங்க."

ஊமை

மணி அடிக்காமல் போவது எப்படி என்று எனக்குத் தெரியாது. மணியைக் கழற்றக் கூடாது, அது சர்க்கார் சாமான்.

ஓடைக்கரையில் சுக்குநாறிப் புல் இருந்தது. பிடுங்கிக் கசக்கி ஒவ்வொரு மணிக்குள்ளும் அடைத்தேன். குலுக்கிப் பார்த்தேன். சத்தமில்லை. வாசனை மட்டும் வந்தது.

அந்தப் பள்ளத்தில் ஓசை வெகு தூரம் போகும். அதனால் ஓடையில் அடைத்தால் மேட்டுப் பலாமரம் தாண்டித்தான் எடுப்பேன். இறங்கும்போது பலாமரத்தில் அடைத்து ஓடையில் எடுப்பேன்.

அத்தனை வருஷம் ஓடிய பாதை அந்த எட்டு நாளில் வேறு பாதையாக இருந்தது. மரங்கொத்தி கொத்துவது கேட்டது. இலையிலிருந்து இலைக்குச் சொட்டு விழுவது கேட்டது. ஒரு நாள் பாதையில் ஒரு மான் நின்றது. என்னைப் பார்த்தது. நகரவில்லை. நான்தான் சுற்றிப் போனேன். நான் வந்ததே அதற்குத் தெரியவில்லையோ என்று நினைத்தேன். எனக்கே சில சமயம் நான் வருகிறேனா என்று தெரியவில்லை. புல் வாசனை கூடவே வந்தது. இப்போதும் எங்காவது அந்தப் புல்லை மிதித்தால் தோளில் பை கனக்கிற மாதிரி இருக்கும்.

அடுத்த குடிசை அம்மாள் ஒருத்தி வழி மறித்தாள்.

"இன்னா டப்பாலு, மணிக்குச் சொரமா? எங்க வூட்டு ஆம்பள இன்னும் எழுந்திரிக்கல. மணி ஏறலியே, இன்னும் விடியலன்றாரு."

"விடிஞ்சிடுச்சின்னு சொல்லு."

"நான் சொன்னா நம்பமாட்டாரு. நீயே வந்து குலுக்கு."

வெள்ளச்சி வாசலைத் தாண்டும்போது நான் தலையை ஆட்டுவேன். இல்லை என்று. அவள் உலக்கையைத் தூக்குவாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ஐந்தாம் நாள் கட்டுத்தறி காலியாக இருந்தது. கிழவர் செங்கம் சந்தைக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். காரியச் செலவுக்கு.

ஏழாம் நாள் இறக்கம். வாசலில் பங்காளிகள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தலையை ஆட்டினேன். அன்று அவள் உலக்கையைத் தூக்கவில்லை.

அமாவாசை

மறுநாள் காலை அடிவாரத்தில் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். கையில் துணி மூட்டை. கிட்டப் போகும் முன்பே தோல் நாற்றம் வந்தது.

சடையன்.

நான் அவனையே பார்த்தேன்.

"இன்னா டப்பாலு, அப்டிப் பாக்கற? கெடங்குல சேந்தா எல்லாரும் இப்டித்தான் நாறுவாங்க. பஷீர் பாய் தேடிக்கினு வந்தாரு. ஒடனே வூட்டுக்குப் போன்னாரு. இன்னான்னு சொல்லல. பஸ்சுக்கு அவரே குடுத்தாரு. வூட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா?"

"கீறாங்க. நட."

"ஆடு?"

நான் முன்னால் நடந்தேன்.

"கார்டு எழுதினேனே, வந்துச்சா? மேஸ்திரிய எழுதச் சொன்னேன். ஆட்ட மட்டும் வித்துடாதீங்க, சினையா கீதுன்னு. வேற ஒண்ணும் எழுதல. மூணு தபா சொல்லி எழுத வெச்சேன்."

"வந்துச்சி."

"படிச்சியா?"

"நனைஞ்சிடுச்சி."

மற்றதைச் சொல்லலாம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நினைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஓடையில் புல் அடைக்கும்போது அவன் பார்த்தான். "மணிய எதுக்கு ஊமையாக்கற?" என்றான். "அப்பறம் சொல்றேன்" என்றேன்.

வழக்கமாகப் பலாமரத்துக்கு முன்னால் வரும் அந்த வாசல். அன்று பாதையை விட்டுச் சுற்றி ஏறி, வாசலுக்கு மேலே இருக்கும் பாறையில் நின்றேன். கீழே பங்காளிகள் ஏழெட்டுப் பேர். பானையில் தண்ணீர் வைத்திருந்தது. வெள்ளச்சியை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். தலை குளித்திருந்தாள்.

ஒவ்வொரு மணியாகப் புல்லை எடுத்தேன். ஏழிலும் எடுத்தேன். தடியை அவன் கையில் கொடுத்தேன்.

"குலுக்கு."

"நானா?"

"நீதான்."

குலுக்கினான். பள்ளம் முழுக்கக் கேட்டது. எதிர் மலையில் பட்டுத் திரும்பவும் வந்தது.

கீழே எல்லாரும் திரும்பினார்கள். அவள் எழுந்து நின்றாள். ஓடி வரவில்லை. நாங்கள் இறங்கிப் போகிற வரைக்கும் அப்படியே நின்றாள். அவன் எதிரில் போய் நின்றபோது முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். சேறு ஒட்டியிருந்தது. தரையில் பதிந்திருந்தது.

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.

சடையன் பங்காளிகளைப் பார்த்தான், பானையைப் பார்த்தான், கட்டுத்தறியைப் பார்த்தான்.

"ஆடு எங்க?"

"வித்துட்டேன்" என்றார் கிழவர்.

"எதுக்கு வித்தீங்க? கார்டு எழுதினேன் இல்ல?"

"ஒன் காரியத்துக்குத்தாண்டா" என்றார் கிழவர். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். பிறகு இரண்டும்.

எனக்கு நேரமாகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன்.

மறுநாள் இறங்கும்போது வெள்ளச்சி பாதையிலேயே நின்றாள். ஒரு சொம்பில் கூழ் கொடுத்தாள். குடித்தேன்.

"டப்பாலு, ஒரு மணி குடுங்க."

"எதுக்கும்மா?"

"நேத்து அவரு குலுக்கினப்பவே பாதி உசிரு போய்டுச்சி. இனிமேயும் நீங்க தெனம் வருவீங்க. நான் தெனம் நடுங்க முடியுமா? வூட்லயே ஒண்ணு அடிச்சிகினே இருந்தா பழகிடும்."

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சாமானைச் சரிபார்ப்பார்கள். ஒரு மணி குறைந்தால் காகிதம் வரும். அதெல்லாம் நினைவு வந்தது. வளையத்தை ஒரு கல் முனையால் நெம்பி ஒரு மணியைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் அதைத் தூளிக் கயிற்றில் கட்டினாள். குழந்தை காலை உதைத்தது. மணி அடித்தது. அவள் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள்.

சரிபார்க்க வந்தவர் தடியைப் பார்த்தார். எண்ணவில்லை.

ஒப்படைப்பு

சில வருஷம் போயிற்று. மலைக்குப் பாதை வெட்டினார்கள். முதலில் ஜீப் வந்தது. அப்புறம் பஸ். பையை பஸ்ஸிலேயே போட்டுவிடலாம் என்று ஆனது. நான் ஓடி மூன்று மணி நேரத்தில் சேர்த்ததை அது ஒரு மணியில் சேர்த்தது. மேல் ஆபீசில் ரேடியோ வைத்தார்கள். மாடு அவிழ்க்கிற நேரத்தை ரேடியோ சொன்னது. கரடிகள் பஸ் ஹாரனுக்கே ஒதுங்கின.

எனக்குக் கீழ் ஆபீசில் பை ஏற்றி இறக்குகிற வேலை கொடுத்தார்கள். தடியை ஒப்படைக்கச் சொன்னார்கள்.

கடைசி இறக்கத்தன்று பனி. பலாமரத்தடியில் நின்றேன். அங்கே நிற்க எனக்கு வேலை ஒன்றும் இல்லை. பை காலியாக இருந்தது. தடியை மரத்தில் சாய்த்தேன்.

கீழே வெள்ளைக்குள்ளிருந்து ஒரு மணி ஓசை வந்தது. ஒற்றை மணி. வெள்ளச்சி வீட்டில் அடுத்த குழந்தை தூளியில் இருந்தது. நிற்கும், கொஞ்சம் கழித்து மறுபடி அடிக்கும்.

அது இத்தனை நல்ல ஓசை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் ஆபீசில் குமாஸ்தா நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தார். நான் மேஜை மேல் வைத்தேன்.

"மணி ஏழு இருக்கணுமே. ஒண்ணு எங்கய்யா?"

"காட்ல வுழுந்துடுச்சிங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் ஏழு என்றிருந்ததை அடித்துவிட்டு எழுதினார். நான் பெருவிரல் வைக்காமல் கையெழுத்தே போட்டேன். காகிதத்தில் இருந்தது இவ்வளவு.

ஈட்டி, ஒன்று.

தோள் பை, ஒன்று.

எண்ணெய்த் துணி, ஒன்று.

வெண்கல மணி, ஆறு.